நயோமி ஷிஹாப் நை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலஸ்தீன அமெரிக்கக் கவிஞர் நயோமி ஷிஹாப் நையின் கவிதைகளை வாசிப்பு வட்டத்திலோ வகுப்பிலோ எடுத்தால், முதல் அரை மணி நேரத்துக்குள் இந்தச் சந்தேகங்கள் வந்துவிடும். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம். சுலபமானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

யார் இவங்க? பேரை எப்படிச் சொல்றது?

நயோமி ஷிஹாப் நை, 1952 மார்ச் 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். கவிதை, சிறார் நாவல், படக்கதை, கட்டுரை எல்லாம் எழுதுகிறார். மற்ற கவிஞர்களைத் தொகுத்து நூலாக்குவதும் அவருடைய பெரிய வேலை. பதின்வயது முடிவதற்குள் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவுக்குக் குடும்பம் வந்து சேர்ந்தது. இன்றும் அதுதான் அவருடைய ஊர். அங்குள்ள டிரினிட்டி பல்கலைக்கழகத்தில் 1974 இல் பட்டம் பெற்றார்.

'ஷிஹாப்' அப்பா வழிப் பெயர். அரபியில் எரிநட்சத்திரம் என்று பொருள். இந்தப் பொருளை வைத்தே அவர் கவிதையில் விளையாடியிருப்பதால், பெயரைச் சுருக்கும்போது 'ஷிஹாப்' விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'நை' கணவர் மைக்கேல் நையின் குடும்பப் பெயர். அவர் ஒளிப்படக் கலைஞர். 'நையே', 'நைய்' என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. 'கை' என்பதைச் சொல்வதுபோல ஒரே அசை.

அமெரிக்காவுல பிறந்து இங்கிலீஷ்ல எழுதறவரை எப்படி பாலஸ்தீன எழுத்தாளர்னு சொல்றீங்க?

அப்பா அஜீஸ் ஷிஹாப் வழியாக. அவர் ஜெருசலேமில் வளர்ந்தவர். 1948 இல் இஸ்ரேல் உருவானபோது குடும்பம் வீட்டை இழந்து, ரமல்லாவுக்கு வடக்கே உள்ள சின்ஜில் கிராமத்துக்குப் போனது. அவர் படிப்புக்காக அமெரிக்கா வந்து பத்திரிகையாளரானார். அம்மா மிரியம், ஜெர்மானிய வம்சாவளி அமெரிக்கர்.

1966 இல், நயோமிக்கு 14 வயதாகும்போது, குடும்பம் மேற்குக் கரைக்குக் குடிபெயர்ந்தது. அப்போது அந்தப் பகுதி ஜோர்தான் ஆட்சியில் இருந்தது. 1967 அரபு-இஸ்ரேல் போருக்குச் சற்று முன் திரும்பிவிட்டார்கள். ஓராண்டுக்கும் குறைவான காலம்தான். ஆனால் சின்ஜிலில் இருந்த பாட்டி கத்ராவும், ஜெருசலேம் பழைய நகரத்தில் படித்த ஆர்மீனியப் பள்ளியும் பிறகு எழுதியவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. மண்ணில் வாழ்ந்த காலத்தை அளவுகோலாக வைத்தால் அவர் அமெரிக்கர். எதை எழுதாமல் இருக்க முடியவில்லை என்று பார்த்தால் பாலஸ்தீனர். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியை அவர் கவிதைகளே ஏற்றுக்கொள்வதில்லை.

அரபி தெரியுமா? அவங்க முஸ்லிமா?

அரபி தட்டுத்தடுமாறிப் பேசுவார், எழுதுவது முழுக்க ஆங்கிலத்தில். இந்தக் குறையை அவர் மறைப்பதில்லை. 'அரபிக்' என்ற கவிதையில், அரபி பேசத் தெரியாதவரைக்கும் உனக்கு வலி புரியாது என்று ஒருவர் சொல்கிறார். அந்தப் பேச்சு தரும் கூச்சம்தான் கவிதை.

அப்பா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர், அம்மா கிறிஸ்தவப் பின்னணி. எந்த மதத்தையும் பிள்ளைகள்மேல் திணிக்காத வீடு. கல்லூரியில் ஆங்கிலத்தோடு உலக மதங்களையும் பாடமாக எடுத்தார். 1980 இல் வந்த முதல் முழுத்தொகுப்பின் பெயரே 'தொழுகையின் வெவ்வேறு வழிகள்' என்று பொருள்படும். இதற்கு மேல் ஒரு முத்திரை குத்தவேண்டிய அவசியம் இல்லை.

எங்கேருந்து படிக்க ஆரம்பிக்கலாம்? நிறைய புத்தகம் இருக்கே.

ஒரே நூல் என்றால் '19 வெரைட்டீஸ் ஆஃப் கசெல்' (2002). மத்தியக் கிழக்கைப் பற்றி அதுவரை எழுதியவற்றையும் புதியவற்றையும் சேர்த்த தொகுப்பு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்க இளைஞர்கள் அரபு மக்களை மனிதர்களாகப் பார்க்கவேண்டும் என்ற அவசரத்தில் உருவானது. இளையோர் இலக்கியப் பிரிவில் அமெரிக்க தேசிய நூல் விருதின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. மொழியும் எளிமை.

பாலஸ்தீனத்துக்கு வெளியே உள்ள நயோமியையும் பார்க்க விரும்பினால் 'வேர்ட்ஸ் அண்டர் த வேர்ட்ஸ்' (1995). ஆரம்பகாலத் தொகுப்புகள் மூன்றிலிருந்து பொறுக்கியது. அடுத்து 'டிரான்ஸ்ஃபர்' (2011). 2007 இல் அப்பா இறந்தபின் எழுதியது. அப்பாவின் குறிப்பேட்டு வரிகளையே தலைப்புகளாக எடுத்துக்கொண்ட கவிதைகள் இதில் உண்டு. இதை முதலில் எடுக்காதீர்கள். அப்பாவை முந்தைய நூல்களில் சந்திக்காமல் இங்கே இழப்பது பாதி இழப்புதான்.

'கைண்ட்னஸ்' கவிதை வாட்ஸ்அப்ல வந்தது. நல்லா இருக்கு, ஆனா வெறும் நல்லெண்ணச் செய்தி மாதிரி இருக்கே?

உங்களுக்கு வந்தது பெரும்பாலும் கடைசிப் பகுதி மட்டும். சூரிய அஸ்தமனப் படத்தின்மேல் ஒட்டப்படும் பகுதி அது. முழுக் கவிதையில் வழியோரம் வெள்ளைப் போன்சோ (தலை வழியாக மாட்டிக்கொள்ளும் போர்வை) அணிந்த ஒரு மனிதன் செத்துக் கிடக்கிறான். அது நீயாகவும் இருந்திருக்கலாம் என்று பார்க்காமல் பரிவு என்னவென்று தெரியாது என்கிறது கவிதை. பிணத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவது வாழ்த்து அட்டை. உங்கள் சந்தேகம் அட்டையைப் பற்றியது, கவிதையைப் பற்றியது அல்ல.

பின்னணி இது. 1978 இல் புதுமணத் தம்பதியாகத் தென் அமெரிக்கா போனார்கள். கொலம்பியாவில் அவர்கள் ஏறிய பேருந்து கொள்ளையடிக்கப்பட்டது. பயணி ஒருவர் கொல்லப்பட்டார். கடவுச்சீட்டும் பணமும் போயின. தெருவில் எதிர்ப்பட்ட ஒருவர் நின்று விசாரித்து, நடந்ததற்காக வருந்தினார். கணவர் பயணக் காசோலைகளை மீட்க வேறு ஊருக்குப் புறப்பட, போபயான் நகரச் சதுக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, யாரோ சொல்லச் சொல்ல எழுதியதுபோல இந்தக் கவிதை வந்தது என்று நயோமி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

விமான நிலையத்துல அழுத பாட்டிக்கு அரபியில பேசினாங்களே, அது நடந்ததா கற்பனையா?

'கேட் ஏ-4'. நடந்ததாகவே அவர் சொல்கிறார். அல்புகர்கி விமான நிலையம். விமானம் தாமதம். அரபி தெரிந்தவர்கள் வாருங்கள் என்று அறிவிப்பு. பாலஸ்தீனப் பூத்தையல் உடுப்பில் ஒரு முதியவர் தரையில் சரிந்து அழுகிறார். விமானம் அடியோடு ரத்து, மறுநாள் சிகிச்சைக்குப் போக முடியாது என்று நினைத்துவிட்டார். நயோமி தன் அரைகுறை அரபியில் விளக்குகிறார். பிறகு அந்த அம்மா பையிலிருந்து மஅமூல் எடுத்து எல்லோருக்கும் கொடுக்கிறார். மஅமூல் என்பது பேரீச்சையோ கொட்டைகளோ பொதிந்து, மேலே சர்க்கரைத் தூள் தூவிய பிஸ்கட். கொஞ்ச நேரத்தில் வாயிலில் நிற்கும் அத்தனை பேர் கையிலும் அந்தத் தூள்.

இது 'ஹனிபீ' (2008) நூலில் இருக்கும் உரைநடைத் துண்டு. இணையத்தில் இதை வரி உடைத்துக் கவிதையாக்கியும், கடைசிப் பத்தியை வெட்டியும் போடுகிறார்கள். மேற்கோள் காட்டுமுன் நூலோடு ஒப்பிடுங்கள்.

குழந்தைகளுக்கு எந்த வயசுக்கு எதைக் கொடுக்கலாம்?

6 முதல் 9 வயதுக்கு 'சித்தீஸ் சீக்ரெட்ஸ்' (1994), நான்சி கார்பென்டர் ஓவியங்களுடன். மோனா என்ற அமெரிக்கச் சிறுமி பாலஸ்தீனக் கிராமத்தில் இருக்கும் பாட்டியைப் பார்க்கப் போகிறாள். இருவருக்கும் பொதுமொழி இல்லை. திரும்பி வந்து அமெரிக்க அதிபருக்குக் கடிதம் எழுதுகிறாள். 8 முதல் 12 வரை 'த டர்டில் ஆஃப் ஓமான்' (2014). மஸ்கட்டை விட்டு மிச்சிகனுக்குப் போக மனமில்லாமல் பெட்டி கட்டுவதைத் தள்ளிப்போடும் ஆரிஃப் என்ற பையன், தாத்தாவோடு சுற்றுவதுதான் கதை. பெரிய சம்பவம் எதுவும் நடக்காது. வேகமான கதைக்குப் பழகிய பிள்ளைகள் 30 பக்கத்தில் மூடிவைத்துவிடுவார்கள். தினம் ஒரு அத்தியாயம் வாய்விட்டு வாசித்தால் தாங்கும். வளைகுடாவில் வளர்ந்து ஊர் திரும்பிய பிள்ளைகளுக்கு எந்த விளக்கமும் வேண்டியிருக்காது.

12க்கு மேல் 'ஹபீபி' (1997). 14 வயது லியானா செயின்ட் லூயிஸிலிருந்து அப்பாவின் நாட்டுக்குப் போகிறாள். ஏறக்குறைய ஆசிரியரின் சொந்தப் பாதை, காலத்தை மட்டும் பிந்தையதாக மாற்றியிருக்கிறார். அகதி முகாமில் துப்பாக்கிச் சூடு, அப்பாவைச் சிறைபிடிப்பது இரண்டும் வருவதால் பெரியவர்கள் முதலில் படித்துவிடுவது நல்லது. ஜேன் ஆடம்ஸ் சிறார் நூல் விருது பெற்றது.

'ஹபீபி'ல யூதப் பையனோட நட்பு வருதே. அது ரொம்ப இனிப்பா இல்லையா?

அந்தக் குறை நியாயமானது. லியானா சந்திக்கும் பையனின் பெயரை 'உமர்' என்று கேட்டு அரபு என்று நினைத்துக்கொள்கிறாள், பிறகுதான் 'ஓமேர்' என்று தெரிகிறது. ஒரு உயிரொலி பிசகியதில் எதிரி நண்பனாகிவிட்ட இந்தச் சின்ன வித்தை நன்றாகவே வேலை செய்கிறது. அதற்குப்பின் அவனைக் குடும்பம் ஏற்கும் இடம் வேகமாக முடிகிறது. இருபுறத்து அதிகாரமும் சமமல்ல என்பதை நாவல் காட்டுகிறது, அந்த நட்புக்குள் மட்டும் அதைக் கொண்டுபோகவில்லை. வகுப்பில் விவாதிக்க மிகவும் பயன்படுவது இந்தப் பலவீனமான இடம்தான்.

காபி, அத்திப்பழம், பாட்டின்னே எழுதறாங்க. மஹ்மூத் தர்வீஷ் மாதிரி எதிர்ப்பு எங்கே?

இந்தக் கேள்வி தமிழ் வாசகர்களிடமிருந்து அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. ஈழத்துக் கவிஞர் எம்.ஏ. நுஃமானின் மொழிபெயர்ப்புகள் வழியாக 1980களிலிருந்தே நமக்குப் பழக்கமான பாலஸ்தீனக் கவிதை, தர்வீஷ் போன்ற கவிஞர்களால் ஆக்கிரமிப்பின் நடுவே நின்று எழுதப்பட்ட எதிர்ப்புக் கவிதை. அந்தக் காதோடு நயோமியைக் கேட்டால் குரல் தாழ்ந்திருப்பதாகத் தோன்றும். அவர் பேசுவது வேறு ஆட்களிடம். அரபு என்றாலே தொலைக்காட்சித் தலைப்புச் செய்தி மட்டும் தெரிந்த அமெரிக்க அண்டைவீட்டாரிடம் பேசுகிறார். அவர்களிடம் கொடி பேசாது, காபிக் கோப்பை பேசும். இது மென்மை என்று எடுத்துக்கொள்வது தவறு. யாரைச் சம்மதிக்கவைக்க வேண்டுமோ அவருக்குத் தகுந்த ஆயுதம்.

சந்தேகம் தீரவில்லையென்றால் 'பிளட்' கவிதையை எடுங்கள். 1980களில் எழுதியது. உண்மையான அரபு ஈயைக் கையாலேயே பிடிப்பான், தர்பூசணியை மருந்தாக நம்புவான் என்று அப்பாவின் வேடிக்கைப் பேச்சில் தொடங்குகிறது. அரபைப் பார்க்கவேண்டும் என்று கதவைத் தட்டும் ஒரு சிறுமி வருகிறாள். பிறகு செய்தித்தாளின் தலைப்பு ரத்தத்தில் உறைகிறது. அப்பாவுக்குத் தொலைபேசி செய்தால், அவருடைய இரண்டு மொழிகளுமே அந்தத் துயரத்தை எட்டவில்லை. கவிதை ஒரு கேள்வியில் நின்றுவிடுகிறது. ஈ பிடிக்கும் வேடிக்கை முன்னால் இல்லாவிட்டால் அந்த முடிவு இவ்வளவு அறையாது. 'கைண்ட்னஸ்' படிக்குமுன் இதைப் படியுங்கள் என்பது எங்கள் சிபாரிசு.

எழுதறதைத் தவிர என்ன செஞ்சாங்க?

மூன்று வேலைகள். முதலாவது தொகுப்பு. 'திஸ் சேம் ஸ்கை' (1992) 68 நாடுகளைச் சேர்ந்த 129 கவிஞர்களை அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்தது. வளைகுடாப் போர் முடிந்த கையோடு வந்த நூல் என்பதை நினைவில் வையுங்கள். பிறகு மெக்சிகோவுக்கு ஒன்று (1995), மத்தியக் கிழக்குக்கு ஒன்று (1998). விருதுகளைவிட இந்தத் தொகுப்புகளே நீண்டகாலம் வேலை செய்தவை. பாடநூல் குழுக்கள் கவிதை பொறுக்குவது இப்படிப்பட்ட நூல்களிலிருந்துதான்.

இரண்டாவது பள்ளிகள். பட்டம் பெற்ற காலத்திலிருந்தே ஊர் ஊராகப் போய் வகுப்புகளில் எழுதக் கற்றுக்கொடுத்தார். மூன்றாவது இதழ்கள். 'டெக்சாஸ் அப்சர்வர்' இதழின் கவிதைப் பக்கத்தை நீண்டகாலமும், 'நியூயார்க் டைம்ஸ்' வார இதழின் கவிதைப் பக்கத்தைச் சிலகாலமும் பார்த்துக்கொண்டார். 2001 தாக்குதலுக்குப் பின், பயங்கரவாதி ஆகவேண்டும் என்று நினைப்பவர்களை நோக்கி ஒரு திறந்த கடிதம் எழுதினார். அரபு வம்சாவளியில் வந்த ஒரு பெண், வீட்டுப் பெரியவள் தொனியில் அவர்களைக் கடிந்துகொள்ளும் கடிதம் அது.

'அரசவைக் கவிஞர்'னு போட்டிருக்காங்க. அமெரிக்க அரசாங்கம் கொடுத்த பதவியா?

இல்லை. 2019 இல் கிடைத்தது 'இளையோருக்கான கவிஞர்' (யங் பீப்பிள்ஸ் பொயட் லாரியேட்) என்ற பட்டம். கொடுத்தது சிகாகோவின் பொயட்ரி ஃபவுண்டேஷன் என்ற தனியார் அறக்கட்டளை. தொகை 25,000 டாலர். அந்தப் பட்டம் பெற்ற முதல் அரபு அமெரிக்கர் இவர். மத்திய அரசின் நூலகம் நியமிக்கும் தேசியக் கவிஞர் பதவி வேறு, அதை இவர் வகித்ததில்லை. 2013 இல் சிறார் இலக்கியத்துக்கான நியூஸ்டட் பரிசு, 2024 இல் வாலஸ் ஸ்டீவன்ஸ் விருது (1,00,000 டாலர்) ஆகியவையும் உண்டு.

'த டைனி ஜர்னலிஸ்ட்'ல இன்னொரு குழந்தையோட குரலை எடுத்துப் பேசறாங்க. அது சரியா?

2019 இல் வந்த இந்தத் தொகுப்பின் மையம் ஜன்னா ஜிஹாத். மேற்குக் கரையின் நபி சாலிஹ் கிராமத்தில், 7 வயதில், கைப்பேசியால் போராட்டங்களைப் படம்பிடிக்கத் தொடங்கியவர். சில கவிதைகள் ஜன்னாவின் குரலில், சில ஆசிரியரின் குரலில், சில அப்பாவின் நினைவில். யார் பேசுகிறார் என்று ஒவ்வொரு கவிதையிலும் கேட்டுக்கொண்டே படியுங்கள்.

குரல் எடுப்பது கூடாது என்பவர்களுக்கு ஒரு பாதிப் பதில் உண்டு: ஜன்னா தானே உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தவர், பேசாதவருக்குக் குரல் கொடுத்த கதை இல்லை இது. மறுபாதி சங்கடம் தீராது. அந்தக் குரலில் எழுதியவற்றில் சில, குழந்தை பேச்சைவிட வயதான கவிஞரின் பேச்சாகவே கேட்கின்றன.

தமிழாக்கம் செய்யப் பார்க்கிறேன். எங்கே வழுக்கும்?

முதல் பள்ளம் 'சித்தி'. அரபியில் 'என் பாட்டி'. தமிழ் எழுத்தில் போட்டால் அம்மாவின் தங்கை. 'த டர்டில் ஆஃப் ஓமான்' நாவலில் தாத்தாவை அழைக்கும் 'ஸித்தி'யும் தமிழ் எழுத்தில் கிட்டத்தட்ட இதே வடிவம்தான். பாட்டி, தாத்தா, சின்னம்மா மூவரும் ஒரே சொல்லுக்குள் மாட்டிக்கொள்வார்கள். பாட்டி என்று போட்டு விடுவது உத்தமம். கிழக்கிலங்கை வாசகர்களுக்காகச் செய்தால் வாப்பும்மா பொருந்தும், அவர் அப்பாவின் அம்மா.

இரண்டாவது, 'கைண்ட்னஸ்' கவிதையில் இறந்து கிடப்பவரை மூலம் 'இண்டியன்' என்கிறது. இதை 'இந்தியர்' ஆக்கிய மொழிபெயர்ப்பில், கொலம்பியச் சாலையில் நம்மூர்க்காரர் கிடப்பார். தென் அமெரிக்கப் பழங்குடி மனிதர் என்று பொருள். அந்தத் தலைப்புக்குக் 'கருணை' வேண்டாம். அது மேலிருந்து கீழே இறங்கும் சொல். கவிதையின் முடிவில் அது நிழல்போல, சிநேகிதன்போலக் கூடவே வருகிறது. 'பரிவு' அல்லது 'கனிவு' பக்கத்தில் நடக்கும். முன்னிலைச் சொல்லுக்கு 'நீங்கள்' போட்டால் பிரசங்கமாகிவிடும். 'தெரியுமுன்', 'இழக்கவேண்டும்' என்று வினையிலேயே முடித்தால் பல வரிகளில் ஆளே தேவைப்படாது.

மூன்றாவது அத்தி. நயோமியின் கவிதைகளில் அப்பா ஏங்கும் பழம் சீமை அத்தி. நம் மனத்தில் வருவது அடிமரத்தில் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்தி. பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்ற பழமொழியும் கூடவே வரும். முதல் தடவையாவது 'சீமை' சேர்க்காவிட்டால், நாடிழந்த ஒருவரின் சொர்க்கத்தில் புழு நெளியும்.

மொழிபெயர்த்ததை வெளியிட அனுமதி வேணுமா? பணம் வாங்காம போட்டாலுமா?

வேண்டும். மொழிபெயர்ப்பு உரிமை மூல ஆசிரியருடையது. இலவசம் என்பதால் அது மாறாது. விமர்சனத்துக்காகச் சில வரிகளை மேற்கோள் காட்டுவதையும், ஆசிரியர் வகுப்பில் பாடமாகப் பயன்படுத்துவதையும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. முழுக் கவிதையைப் பொதுவில் போடுவது அதில் அடங்காது.

செய்யவேண்டியது: கவிதை முதலில் எந்த நூலில் வந்தது என்று கண்டுபிடியுங்கள். அந்த நூலின் உரிமைப் பக்கத்தில் பதிப்பகம் இருக்கும். 'டிரான்ஸ்ஃபர்', 'த டைனி ஜர்னலிஸ்ட்' என்றால் நியூயார்க் மாநிலத்தின் பிஓஏ எடிஷன்ஸ், 'கசெல்' தொகுப்பு என்றால் கிரீன்வில்லோ. அனுமதிப் பிரிவுக்கு எழுதும்போது கவிதைத் தலைப்பு, மொழி, அச்சா மின்னூலா, எத்தனை பிரதிகள், என்ன விலை, எந்தெந்த நாடுகளில் விற்பனை என்று எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். ஒன்று விட்டாலும் கேட்டு எழுதுவார்கள், மாதங்கள் ஓடும். மறு பதிப்புத் தொகுப்பில் பார்த்துவிட்டு அந்தத் தொகுப்பாசிரியருக்கு எழுதுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. அவரிடம் கொடுக்க உரிமை இருக்காது.

வகுப்புல ஒரு மணி நேரம் இருக்கு. எப்படி நடத்தறது?

இரண்டு கவிதைக்கு மேல் வேண்டாம். சின்ன வகுப்புக்கு 'ஒன் பாய் டோல்ட் மீ'. அவர் தன் மகன் சிறுவயதில் உதிர்த்த பேச்சுகளையே கோத்துச் செய்த கவிதை. ஒரு வாரம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லி, வீட்டுச் சின்னதுகள் பேசுவதை அப்படியே எழுதி வரச் சொல்லுங்கள். திருத்தக்கூடாது, மழலை மழலையாகவே வரவேண்டும். வகுப்பில் வரிகளை வரிசைப்படுத்துவது மட்டும்தான் வேலை. 8 முதல் 12 வரி போதும். அலங்காரச் சொல் சேர்க்க அனுமதித்தால் அந்த நிமிடமே கெட்டுவிடும்.

பெரிய வகுப்புக்கு 'பிளட்'. முதலில் வாய்விட்டு இரண்டு முறை வாசியுங்கள். பின்னணியை இரண்டாம் வாசிப்புக்குப் பிறகுதான் சொல்லவேண்டும், முன்னால் சொன்னால் பிள்ளைகள் ஈயைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். ஏன் சிரிக்கவேண்டும் என்பது மேலே காபி, அத்திப்பழம் பற்றிய கேள்வியின் பதிலில் இருக்கிறது.

இவங்களை முடிச்சாச்சு. அடுத்து?

அப்பா அஜீஸ் ஷிஹாப் எழுதிய நினைவுநூல் 2007 இல் வந்தது. மகளின் கவிதைகளில் வேடிக்கைக்காரராக வரும் மனிதர் அதில் நிலத்தைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்று ஒப்பிடலாம். கவிதையில் தொடர விரும்பினால் ஃபாடி ஜூதா. மருத்துவர், தர்வீஷை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், நயோமியைவிடக் கடினம். லீனா கலஃப் துஃபாஹா 2024 இல் கவிதைக்கான தேசிய நூல் விருது பெற்றவர். நாவல் வேண்டும் என்றால் சூசன் அபுல்ஹவா. அங்கே குரல் உயர்ந்தே இருக்கும்.